நெகட்டிவ் பெட்டிகளை எறிந்துவிடாதீர்கள்: மலையக ஸ்டூடியோ உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் மலையக நகரங்களிலும் தேயிலைத் தோட்டச் சந்திகளிலும் ஸ்டூடியோ நடத்திவரும் மதிப்புக்குரிய தொழில் நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பக்கத்து நகரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவந்த ஒரு ஸ்டூடியோ மூடப்பட்டபோது, அதன் பின்னறையில் இருந்த நெகட்டிவ் பெட்டிகள் பழைய காகிதங்களோடு குப்பை லொறியில் ஏற்றப்படுவதைப் பார்த்தேன். கடையை வாங்கியவர் கையடக்கத் தொலைபேசி விற்கப்போகிறவர். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. பெட்டிகளை ஏற்றிவிட்டவர் நம்மில் ஒருவர். ஏன் என்று கேட்டதற்கு, "இதையெல்லாம் இனி யார் தேடிக்கொண்டு வரப்போகிறார்கள்?" என்றார். அங்கே நின்றபடி என்னால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

தொழில் விழுந்துவிட்டது என்று நாம் சந்திக்கும்போதெல்லாம் பேசிக்கொள்கிறோம். ஜப்பானைத் தளமாகக் கொண்ட கெமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 2010ஆம் ஆண்டு 12 கோடிக்கும் அதிகமாக இருந்த டிஜிட்டல் கெமரா விநியோகம், 2020இல் 90 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது உண்மைதான். ஆனால் மக்கள் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கும் பிள்ளையின் கையில்கூட இன்று கெமரா இருக்கிறது. கொடக் நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரியும்: அதன் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 1975இலேயே டிஜிட்டல் கெமராவைச் செய்துகாட்டினார், 2012 ஜனவரியில் அதே நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. புஜிபிலிமும் அதே பிலிம் சரிவைத்தான் சந்தித்தது. அது தன் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, பிலிம் செய்யப் பழகிய இரசாயன அறிவைச் சருமப் பூச்சிலும் மருத்துவத்திலும் செலுத்தியது. 1998இல் வெளியிட்ட இன்ஸ்டக்ஸ் உடனடிப் படக் கெமராவைக் கைவிடாமல் வைத்திருந்து, தொலைபேசியோடு வளர்ந்த தலைமுறைக்கே அதை விற்றது.

நம் கையில் என்ன இருக்கிறது? இன்று பெரும்பாலான ஸ்டூடியோக்களின் வாடகையைக் கட்டுவது அடையாள அட்டைப் படமும் கடவுச்சீட்டுப் படமும்தான். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் பெண்களின் படங்களைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு நேரடியாக அனுப்பிவைத்து, ஒப்புகைச் சீட்டைக் கொடுத்து நாம் பிழைத்துக்கொள்கிறோம். இந்தியாவின் உதவியோடு முன்னெடுக்கப்படும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்து, முகமும் விரல் அடையாளமும் அரசின் கருவியிலேயே பதிவாகத் தொடங்கினால் இந்த வருமானமும் குறையும். எனவே இதை நம்பியிருப்பது சரியல்ல என்பது என் கருத்து.

மிஞ்சுவது அந்தப் பெட்டிகள். என் தகப்பனார் அறுபதுகளில் ஹட்டனில் கடை திறந்தவர். ஒவ்வொரு நெகட்டிவ் உறையின்மீதும் தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பது, படம் எடுத்துக்கொண்டவரின் பெயர், திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைப்பார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்ட மலையக மக்கள், தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முன்னர் குடும்பத்தோடு வந்து எடுத்துக்கொண்ட படங்கள் அந்த உறைகளுக்குள் இருக்கின்றன. போகிறவர்களுக்கு ஒன்று, இருக்கிறவர்களுக்கு ஒன்று என்று இரண்டு பிரதிகள் கேட்பார்களாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்நாட்டின் கூடலூரிலிருந்து ஒருவர் வந்தார். பாட்டனாரின் பெயர், தோட்டத்தின் பெயர், 1972 என்ற ஆண்டு ஆகிய மூன்றும்தான் அவரிடம் இருந்தன. இரண்டு நாள் தேடியதில் உறை கிடைத்தது. ஏழு பேர் நிற்கும் படம். நடுவில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர் அவருடைய அப்பாயி. பன்னிரண்டு பிரதிகளும் ஒரு பெரிய பிரேமும் வாங்கிக்கொண்டு போனார். அந்த மாதம் கடவுச்சீட்டுப் படங்களில் ஒரு வாரம் முழுவதும் நான் சம்பாதித்ததைவிட அது அதிகம். யார் தேடிக்கொண்டு வருவார்கள் என்று கேட்ட நண்பருக்கு என் முதலாவது விடை இது.

இரண்டாவது விடை கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி அங்குள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு தொழிலாளர்களின் லய வீடுகளைப் புதைத்தபோது, சுவரில் தொங்கிய படங்களும் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த அல்பங்களும் மனிதர்களோடு சேர்ந்தே போயின. அவற்றுக்கு இன்னொரு பிரதி இருக்குமானால் அது ஏதோ ஒரு டவுன் ஸ்டூடியோவின் உறைக்குள்தான் இருக்க முடியும். அந்த உறையை நாமே எறிந்துவிட்டால் அந்த முகங்களுக்கு வேறு இடம் இல்லை.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. விலை உயர்ந்த ஸ்கேனர் இல்லாமலே, நம்மிடம் உள்ள கெமராவில் ஒரு மேக்ரோ லென்ஸைப் பொருத்தி, கீழே வெள்ளை எல்ஈடி விளக்குப் பலகையை வைத்து, நெகட்டிவை ரோ கோப்பாக (கெமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) பிடித்துப் பின்னர் கணினியில் அதன் நிறங்களைத் தலைகீழாக்கலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் முதலில் உறையையே ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். பென்சில் எழுத்து இல்லாத நெகட்டிவ் பாதி நெகட்டிவ்தான். நமது மூடுபனியும் ஈரமும் பிலிமுக்குப் பகை என்பதை லென்ஸில் பூஞ்சை பிடித்துப் பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி வாசம் அடித்தால் அசற்றேற்று பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அவற்றையே பிடியுங்கள். கறுப்பு வெள்ளையைவிட வர்ண நெகட்டிவ் விரைவாக மங்கும் என்பதால் எண்பதுகளின் கலியாணங்களுக்கும் அவசரம் உண்டு.

பழைய படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் தெளிவாக்கித் தருவது இப்போது நம் எல்லோருக்கும் கைவந்த வியாபாரமாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு மனக்கசப்பு உண்டு. தாயின் கருமாதிக்குப் பெரிய படம் வேண்டும் என்று ஒரு மகள் வந்தார். கையில் இருந்தது அடையாள அட்டையின் சிறிய படம் மட்டுமே. என் உதவியாளர் அதைச் செயலியில் ஏற்றினார். சுருக்கங்கள் போயின, நிறம் இரண்டு படி வெளுத்தது, மூக்குத்தியைச் செயலி அழுக்கென்று நினைத்ததோ என்னவோ, அதுவும் போய்விட்டது. மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா இது எங்கம்மா இல்ல" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் செயலி அழிந்துபோன விவரத்தை மீட்பதில்லை. தான் கற்ற கோடிக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்புகிறது. அந்தக் கோடியில் தேயிலை மலையில் வெயிலிலும் மழையிலும் நின்ற கிழவிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆகவே தூசியையும் கீறலையும் நீக்கலாம், மங்கிய நிறத்தைச் சீர்செய்யலாம். முகத்தைச் செயலியிடம் ஒப்படைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வாடிக்கையாளர் கேட்டே ஆக வேண்டுமென்றால், தொடாத மூலப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, மாற்றிய படத்தின் பின்புறத்தில் மாற்றப்பட்டது என்று முத்திரை குத்துவோம். ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டது, பின்னர் எவ்வாறு மாற்றப்பட்டது என்ற விவரத்தைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் முறையோடு லைக்கா 2023இல் ஒரு கெமராவை வெளியிட்டது. நமக்கு அதை ஒரு ரப்பர் முத்திரை செய்துவிடும்.

இன்று நாம் எடுக்கும் படங்களின் நிலை இன்னும் மோசம். கலியாணத்தில் ஆயிரம் படம் எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் நம் கணினியிலிருந்து அழித்துவிடுகிறோம். வீட்டார் அவற்றை வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். வழமையான தரத்தில் அனுப்பினால் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருங்கி, எடுத்த திகதியும் கோப்பிலிருந்து நீங்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது ஐந்து அங்குலத்துக்கு மேல் தாங்காது. கூகுள் போட்டோஸ் 2015இல் தொடங்கியபோது அளவில்லா இலவச இடம் என்றது. 2021 ஜூன் முதல் 15 ஜிபி எல்லைக்குள் கணக்கிடுகிறது. மற்றவரின் இலவசத்தை நம்பிய வாடிக்கையாளரிடம், ஆண்டுக்கு ஒரு சிறு தொகைக்கு அவர்களின் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வேறு ஊரிலும் வைத்துக் காப்பதாக நாம் ஏன் சொல்லக் கூடாது? கலியாணப் படப் பொதியோடு குறைந்தது இருபது படங்களையாவது தாளில் அச்சிட்டே கொடுப்பதென்று நான் தீர்மானித்திருக்கிறேன். பிறர் முகங்களைக் காப்பதற்கு அவர்களின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெறும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குவது நல்லது; 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் கடை வாசலுக்கும் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமையும் சம்பளத்தை ஒட்டிய நாட்களும் நம் எல்லோருக்கும் கூட்டமான நாட்கள். செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் என் கடையில் விளக்குப் பலகையும் லென்ஸும் சும்மா இருக்கும். கடையை மூட நினைப்பவர்களும் பின்னறையில் இடம் போதாதவர்களும் பெட்டிகளை ஹட்டனுக்கு ஏற்றிவாருங்கள்; பிடித்த கோப்புகளை உங்களுக்கே தந்துவிடுகிறேன், கூலி வேண்டாம். உறைகளை மட்டும் கலைக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனில் தகப்பனாரின் ஸ்டூடியோவை நடத்திவரும் உங்களில் ஒருவன்