ஹட்டன் டவுன் வெற்றிலைக்கார அக்காவுக்கு நன்றி

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. பண்டிகை அட்வான்ஸ் காசோடு தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் ஹட்டன் டவுனில்தான். அம்மாவும் நானும் துணிப் பையோடு பஸ்ஸுக்கு நடக்கும்போது, குடித்துவிட்டு நாலு பேர் அடிபிடி. போத்தல் ஒன்று எங்கள் காலடியில் வந்து உடைந்தது. சுற்றி நின்றவர்கள் ஃபோனில் வீடியோ எடுத்தார்கள், அதற்கு மட்டும் கை வரும்!

நடைபாதையில் வெற்றிலை விற்கும் நீங்கள்தான் "உள்ள வாங்கம்மா" என்று படங்குக்குப் பின்னால் இழுத்தீர்கள். பொலிஸுக்கு, 119க்கு அழைத்ததும் நீங்கள்தான். நடுங்கிய அம்மாவுக்குச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள். அப்புறம் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு மஸ்கெலியா பஸ்வரை கூட வந்தீர்கள்.

பெயர்கூடக் கேட்கவில்லை, மன்னியுங்கள். உங்கள் பிளாஸ்க் மூடி எங்கள் பையில் வந்துவிட்டது அக்கா. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.