பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வேட்டைக்கு வாங்க, லேசர் ஒளியால் தூரம் அளக்கிற கருவி என்று நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. மூன்றிலும் 1000, 1800, 2000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். "இதில் எதை வாங்கட்டும்பா?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். பதில் ஒரு வரியில் அடங்காது, வாட்ஸ்ஆப்பில் தட்டவும் எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் அம்மா சமாசாரம். நீ மான் வேட்டைக்குப் போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன்னிடம் இல்லை, என்னிடம். என்னமோ நான்தான் உனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி. நான் வேட்டையில் டார்ச் பிடித்ததோடு சரி. நியூசிலாந்தில் மான் வெளியிலிருந்து கொண்டுபோய் விட்ட மிருகம், அந்த மண்ணுக்கே உரிய தரைப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான், மான் பெருகினால் காட்டையே மேய்ந்து தீர்த்துவிடும், அதனால் அரசாங்கமே காசு வாங்காமல் பெர்மிட் கொடுக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?" என்றாள். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

சரி, கருவிக்கு வருகிறேன். நான் சர்வேயர் ஆபிசில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தவன். சங்கிலி போய் இரும்பு நாடா வந்தது, நாடா போய் ஒளியால் அளக்கிற பெட்டி வந்தது. அந்தப் பெட்டி கதிரை அனுப்பும், நான் கம்பில் தூக்கிப் பிடித்த கண்ணாடிப் பட்டகத்தில் பட்டுத் திரும்பும், தூரம் வந்துவிடும். உன் வேட்டைக் கருவியும் அதே குடும்பம்தான். 300 மீட்டர் தள்ளி நிற்கிற மான்மேல் பட்டு ஒளி திரும்பி வர, ஒரு நொடியை இருபது லட்சம் துண்டாக்கினால் அதில் நாலு துண்டு நேரம் ஆகும். அதைத்தான் அது எண்ணுகிறது. ஆனால் மானின் முதுகில் பட்டகம் கட்டிவிட எந்தச் சங்கிலிக்காரன் போவான்? தொல்லை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கருவியின் அட்டைப்பெட்டியில் இருக்கும் 2000, சாலைப் பெயர்ப்பலகை மாதிரி ஒளியை அப்படியே திருப்பி அடிக்கிற பொருளுக்கு. கீழே பொடி எழுத்தில் மரத்துக்கு ஓர் எண், மானுக்கு ஓர் எண் இருக்கும். மானுக்கு உள்ளது பெரும்பாலும் பெரிய எண்ணில் பாதி, சிலதில் பாதிகூடத் தேறாது. அந்தப் பொடி எழுத்தைப் பார்த்து வாங்கு. அது போடாத கருவியைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, மீட்டரா கெஜமா என்று பார். 1000 கெஜம் என்பது 914 மீட்டர்தான்.

சும்மா சொல்லக்கூடாது என்று பக்கத்து வீட்டுச் சீனர் அங்கிளிடம் அவருடைய கோல்ஃப் கருவியை இரவல் வாங்கி, நம் பதினோராவது மாடி நடைபாதையில் மூன்று நாள் நின்றேன். நீ அனுப்பிய முதல் படத்தில் இருப்பதும் கோல்ஃப் சாதிதான். எதிர் பிளாக் சுவர் 142 மீட்டர். பத்து முறை அழுத்தினாலும் 142. அதே பிளாக்குக்குப் பின்னால், மலையடிவாரத்தில் ஒரு டுரியான் தோட்டம் தெரியுமே, அந்த இலைகளைப் பிடித்தால் ஒரு தடவை 388, ஒரு தடவை 402, பாதி நேரம் வெறும் கோடு. மூன்றாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. அதே சுவரைப் பிடித்தேன், 31 என்றது. அடுத்து 44. அது மழையை அளந்துகொண்டிருக்கிறது, பாப்பா. மூடுபனியிலும் இதே கதைதான். உச்சி வெயிலிலும் எட்டாது. மப்பும் மந்தாரமுமாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது.

கோல்ஃப் கருவியில் இன்னொரு வம்பு. அதற்குக் கொடிக்கம்பு வேண்டும், பின்னால் இருக்கிற மரங்கள் வேண்டாம். அதனால் கதிரில் முதலில் படுகிற பொருளைத்தான் சொல்லும்படி செய்திருப்பான். உனக்கு இதற்கு நேர் எதிர். உனக்கும் மானுக்கும் நடுவில் புல் ஆடும், குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளிவிட்டுத் தூரத்தில் உள்ளதைச் சொல்கிற முறை வேட்டைக் கருவியில் இருக்கும், அது உள்ளதாக வாங்கு. கதிர் ஊசி மாதிரிப் போகாது, டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே போகும். 2 மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் விரிகிற கதிர் 300 மீட்டரில் 60 சென்டிமீட்டர் அகலம் ஆகிவிடும். மானின் நெஞ்சுக்கூடு அவ்வளவு இல்லை. மிச்சக் கதிர் புல்லிலும் பின்னால் உள்ள மண்ணிலும் போய் விழும். ஆக, ஒரே எண்ணை நம்பாதே. மான்மேல் மூன்று தடவை, அது நிற்கும் தரைமேல் ஒரு தடவை அழுத்து. நான்கும் ஒத்துப்போனால்தான் அது தூரம்.

இவ்வளவு ஏன் வளர்க்கிறேன் என்றால், தாத்தா காலத்தில் நடந்த ஒன்று. உன்னிடம் சொன்னதில்லை.

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பதினைந்து வயது. செம்பனைக் குருத்தைக் காட்டுப்பன்றி தின்றுவிடும் என்று, லைசன்ஸ் வைத்திருந்த தாத்தாவின் கூட்டாளி ஒருவர் ராத்திரியில் சுடப் போவார். நான் டார்ச் பிடிப்பேன், பேட்டரி என் தோளில். அவர் தூரத்தை மரம் எண்ணித்தான் சொல்வார். செம்பனை மரத்துக்கு மரம் 9 மீட்டர். நாலு மரம் என்றால் சுடலாம், ஆறு மரம் என்றால் சுடமாட்டார். பெரிய ரவை போட்ட துப்பாக்கி, அவ்வளவுதான் எட்டும். ஒரு நாளும் தப்பியதில்லை. அன்றைக்கு மட்டும் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவுக்குப் போட்டிருந்த வெட்டவெளிக்குப் போய்விட்டோம். எண்ண மரம் இல்லை. இடுப்பளவு செடி. பன்றி கிட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. "நாலு மரம் இருக்குமா?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் "இருக்கும்" என்றேன்.

சுட்டார். அது ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடியது. விடிய விடிய ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே தேடினோம், பாரிட்டில், அதுதான் தோட்டத்து வடிகாலில், இறங்கியதோடு தடம் போய்விட்டது. காலையில் நான் அந்த இடத்தைக் காலடி வைத்து அளந்தேன். 84 அடி வைத்தேன், என் அடிக்கு அறுபது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏழு மரத் தூரம். மூன்றாம் நாள் குலை வெட்டப் போனவர்கள்தான் ஈ மொய்ப்பதைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறகு நான் டார்ச் தூக்கவும் போகவில்லை.

உன் துப்பாக்கியின் குறி 100 மீட்டரில் சரிசெய்தது என்றாய். அதில் போடுகிற .308 குண்டு 300 மீட்டர் போவதற்குள் ஓர் அடிக்கு மேல் இறங்கியிருக்கும். அங்கிருந்து இன்னும் 50 மீட்டர் தள்ளி மான் நின்றால் மேலும் ஏறக்குறைய ஒரு சாண். நெஞ்சுக்குக் குறிவைத்தது காலில் போய் முடியும். என் பேச்சைக் கேட்பதானால் 300ஐத் தாண்டிச் சுடாதே. அதற்கு மேலே எண் வந்தால் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, கிட்டே போக வழி பார், இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு இறங்கு. 300க்கு எதற்கு 2000? மானுக்கு 600 எட்டுகிற கருவி தாராளம். அந்த இரட்டிப்பு, மழைத் தூறலுக்கும் உன் கை நடுக்கத்துக்கும்.

நியூசிலாந்தின் தென்தீவு மலையெல்லாம் செங்குத்து. சர்வேயில் நாங்கள் மலை ஏறும்போது நாடாவைக் கிடையாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டுத்தான் அளப்போம், ஏனென்றால் வரைபடத்துக்குச் சரிவு நீளம் ஆகாது. துப்பாக்கிக் குண்டு இறங்குகிற கணக்குக்கும் ஏறத்தாழ அதே கிடைத்தூரம்தான். 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்று கருவி சொன்னால் கணக்குக்கு 260தான். இதைத் தானே கழித்துச் சொல்கிற கருவிகள் இருக்கின்றன. இதற்கு மட்டும் கூடக் காசு கொடுக்கலாம். (அங்கே டார் என்று ஓர் இமயமலை ஆடு மலை உச்சியில் நிற்குமாமே, 1904இல் கொண்டுபோய் விட்டதாம். நம் வரையாட்டையும் ஆங்கிலத்தில் நீலகிரி டார் என்றுதான் சொல்கிறார்கள். அதைச் சுட்டாய் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவைக்காதே.)

எண் தெரிகிற நிறத்தையும் பார். மான் வெளியே வருவது விடியலிலும் பொழுது சாயும்போதும். கறுப்பு எண் இருட்டுப் புதர்மேல் மறைந்தே போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற சிவப்பு எண்ணாக இருக்கட்டும். பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும், கூட ஒன்று சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் கிடக்கட்டும்.

ஆக, முதல் படம் வேண்டாம். மூன்றாவது, பைனாகுலருக்குள்ளேயே தூரம் காட்டுகிற லைக்கா; பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது உண்மை. நாங்கள் வைத்திருந்த, கோணம் அளக்கிற தியோடொலைட்டைச் செய்த வில்ட் கம்பெனியும் பின்னாளில் லைக்கா பெயருக்குத்தான் வந்தது. சர்வே லைக்காவும் கேமரா லைக்காவும் இப்போது தனித்தனிக் கம்பெனி, இருந்தாலும் அந்தப் பெயர்மேல் ஒரு பாசம். ஆனால் அதன் விலைக்கு நீ இரண்டு தடவை ஊருக்கு வந்து போகலாம். இரண்டாவதை வாங்கு. சாதாரண பைனாகுலரால் முதலில் தேடு, அது மான்தான், மனிதன் இல்லை என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்த பிறகு தூரம் பார். துப்பாக்கியின் தொலைநோக்கியை வைத்துத் தேடாதே.

வாங்கியதும் ஒரு காரியம் செய். வானம் மட்டும் பின்னால் தெரிகிற விளக்குக் கம்பம் ஒன்றைப் பிடித்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே அழுத்து. பிறகு வலமிருந்து இடம். எண் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தால் கதிர் நடுக்குறியில்தான் போகிறதா, ஓரமாகப் போகிறதா என்று தெரிந்துவிடும். அங்கிளுடையது கொஞ்சம் வலது பக்கம் இழுக்கிறது. ஐந்து வருஷமாக அவருக்கே தெரியாது. சொன்னதும், பந்து குழிக்குப் போகாததற்கு இப்போதுதான் காரணம் கிடைத்தது என்றார்.

மார்ச் கடைசியில் ஆண்மான் கத்துகிற பருவம் தொடங்கிவிடும் என்றாய். அதற்குள் நாள் இருக்கிறது. வேலி, பாறை, மாடு, மரம் என்று இருபது இடத்தை அளந்து, முதலில் கண்ணால் சொன்ன தூரம் ஒரு பக்கம், கருவி சொன்னது ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா இப்போதுதான் வந்து, மான்கறிப் பெரட்டலுக்குக் குக்கரில் எத்தனை விசில் விடவேண்டும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, போன் போட்டு நீயே கேள்.