பஸ்ல நின்னுபோச்சு, பார்ல ஏன் நிக்கல?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தார், பொது இடத்துல சிகரெட் புடிக்கக்கூடாதுன்னு சட்டம் வந்து இத்தன வருஷமாச்சு, எவனும் கேக்கல, பார்ல போய் பாருங்க ஒரே புகை, பேசாம அந்த சட்டத்த எடுத்துடலாம்னு. பார் பத்தி அவர் சொன்னது நிஜம்தான், நானும் பாத்திருக்கேன். ஆனா சட்டமே வேலைக்கு ஆகாதுன்னு சொல்றத என்னால ஒத்துக்க முடியலைங்க. ஏன்னா நான் 31 வருஷம் இதே மலையில பஸ் கண்டக்டரா இருந்தவன், ஊட்டி கூடலூர் ரூட்டு, அப்புறம் கோழிக்கோடு வரைக்கும் போற வண்டி. பஸ்ஸுக்குள்ள புகை எப்படி இருந்துச்சு எப்படி நின்னுச்சுன்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

நான் டூட்டில சேந்தப்பவே 'புகை பிடிக்காதீர்'னு பஸ்ஸுக்குள்ள பெயிண்ட்ல எழுதித்தான் இருந்துச்சு. அதுக்கு நேர் கீழ உக்காந்துதான் பீடிய பத்த வைப்பாங்க. கீழ சமவெளியில ஓடுற வண்டின்னா ஜன்னல் தொறந்திருக்கும், புகை காத்தோட போயிடும். நம்ம மலையில அது நடக்குமா? பைக்காரா தாண்டும்போதே மிஸ்ட் எறங்கிடும், நடுவட்டம் வர்றதுக்குள்ள எல்லாரும் கண்ணாடிய இழுத்து மூடிடுவாங்க, நனைஞ்ச ஸ்வெட்டர் வாசம், அதோட பின் சீட்டு பீடி புகை, வளைவுக்கு வளைவு ஆட்டம் வேற, கூடலூர் போய் சேர்றதுக்குள்ள நாலு பேராவது வாந்தி எடுத்துடுவாங்க. ஒரு நாள் தவளைமலை கிட்ட கைக்குழந்தையோட ஒரு அம்மா சீட்ட விட்டு எந்திரிச்சு வந்து முன்னாடி கம்பிய புடிச்சு நின்னுட்டாங்க, குழந்தை மூஞ்சிய முந்தானையால மூடிட்டு. உக்காருங்கம்மா வளைவு வருதுன்னேன். 'பின்னாடி புகைங்கண்ணா'ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு நான் பின்னாடி போய் ஒரு வார்த்தை கேக்கல. இத்தன வருஷம் கழிச்சும் அது என் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

1999ல கேரளா ஹைகோர்ட் பொது இடத்துல புகை பிடிக்கக்கூடாதுன்னு தீர்ப்பு குடுத்தாங்க. அப்ப நான் கோழிக்கோடு வண்டியில இருந்தேன். நம்ம பக்கம் நாடுகாணி வரைக்கும் ஊதிட்டு வந்த ஆளுங்களே, கேரளா பக்கம் வழிக்கடவு வர்றதுக்குள்ள பீடிய அணைச்சு காது மேல சொருகிக்குவாங்க, அங்க போலீஸ் புடிச்சுடும்னு பயம். அதே ஆளு சாயந்திரம் திரும்பி வரும்போது நாடுகாணி ஏறினதும் மறுபடி பத்த வைப்பாரு. அதே ஆளு, அதே பீடி, அதே பஸ்ஸு. எனக்கு அப்பதான் முதல் தடவையா தோணுச்சு, இது விட முடியாத பழக்கம்னு நாம சும்மா சொல்லிட்டிருக்கோம், கேக்க ஒரு ஆள் இருக்கான்னு தெரிஞ்சா ரெண்டு மணி நேரம் எல்லாராலயும் அடக்கிக்க முடியும்னு.

அப்புறம் 2001ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு, 2003ல சட்டம், அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரா இருந்தப்ப 2008 அக்டோபர் 2ம் தேதியில இருந்து நாடு முழுக்க புது விதி, அபராதம் 200 ரூபா வரைக்கும். இதெல்லாம் பேப்பர்ல பாத்துட்டு நான் ஒரு முடிவு பண்ணேன். வண்டியில யாராவது பத்த வச்சா ஒரு விசில், டிரைவர் ஓரம் கட்டிடுவாரு. எறங்கி நிதானமா குடிச்சுட்டு வாங்கண்ணா, அதுவரைக்கும் வண்டி நிக்கும்னு சொல்லுவேன். அவ்வளவுதான், சத்தம் கூட போட மாட்டேன். நான் பேச வேண்டியதே இல்ல, உள்ள இருக்கிற 50 பேரும் அவர பாத்துட்டு பேசிடுவாங்க. ஒருத்தர் கிட்ட கூட நான் அபராதம்னு ஒரு ரூபா வாங்கினதில்ல. ஒண்ணு ரெண்டு வருஷத்துல பழகிட்டாங்க, நான் ரிட்டயர் ஆனப்ப அந்த விசிலுக்கே வேலை இல்ல. இன்னைக்கு பஸ்ல ஒருத்தன் சிகரெட்ட எடுத்தா சின்ன பசங்க கூட திரும்பி பாக்குதுங்க. சட்டம் வேலைக்கு ஆகலைன்னு எழுதின அந்த நண்பரும் பஸ்ல போறவர்தான, யோசிச்சு பாக்கட்டும்.

இப்ப பார் விஷயத்துக்கு வரேன், எனக்கு மனசு கஷ்டமா இருக்கறதே இங்கதான்.

என் தங்கச்சி பையன் ஊட்டியில ஒரு பார்ல சப்ளையர். 9 வருஷமா அங்கதான். ஒரு சிகரெட் கூட தொட்டதில்ல, தண்ணி பழக்கமும் கிடையாது. ராத்திரி வீட்டுக்கு வந்தா சட்டைய வெளிய கொடியில போட்டுட்டுதான் உள்ள வருவான், அவ்வளவு நாத்தம். குளிருக்கு ஜன்னல் எல்லாம் ஆணி அடிச்சு மூடியிருக்காங்க, கதவுக்கு பிளாஸ்டிக் திரை, உள்ள 12 டேபிள். ஆஷ்ட்ரே வைக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கில்ல, அதனால பேப்பர் கப்புல கொஞ்சம் தண்ணி ஊத்தி டேபிளுக்கு ஒண்ணு வைக்க சொல்றாங்களாம். தண்ணி வச்ச கப்பு ஆஷ்ட்ரே இல்லைன்னு ஆயிடுமா? ராத்திரி அந்த கப்ப எல்லாம் ஒரு பக்கெட்டுல கொட்டி கழுவி விடறது அவன் வேலைதான், அந்த பழுப்பு தண்ணி வாசம் கை விரல்ல ரெண்டு நாள் இருக்கும்னு சொல்லுவான். ரெண்டு வருஷமா மாடிப்படி ஏறினா இழுப்பு. டாக்டர் நெஞ்சுல ஸ்டெத் வச்சு பாத்துட்டு ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்னு கேட்டிருக்காரு. இல்லைங்க சார்னா நம்பவே இல்லையாம்.

என் பொண்ணு நர்சிங் படிச்சவ, அவதான் வெளிநாட்டு விவரம் எல்லாம் எடுத்து காட்டினா. அயர்லாந்துல 2004 மார்ச்சுல எல்லா பார்லயும் நிறுத்தினாங்க, ஸ்காட்லாந்துல 2006 மார்ச்சுல. ரெண்டும் நம்ம ஊட்டி மாதிரி குளிரும் மழையுமா இருக்கிற ஊருங்க, குளிர்ல எவன் வெளிய போய் புடிப்பான்னு சாக்கு சொல்ல முடியாது. ஸ்காட்லாந்துல டண்டீங்கிற ஊர்ல பார்ல வேலை பாக்கறவங்கள தடைக்கு முன்னாடியும் பின்னாடியும் டெஸ்ட் பண்ணிருக்காங்க, இருமல் இழுப்பு கண் எரிச்சல்னு சொன்னவங்க முதல்ல 100க்கு 79 பேர், தடை வந்து ஒரே மாசத்துல 53 பேர். அந்த நாட்டுல 9 ஆஸ்பத்திரி கணக்கு எடுத்து பாத்ததுல ஹார்ட் அட்டாக் மாதிரி நெஞ்சு வலியோட வந்து சேர்றவங்க 17 சதவீதம் கொறஞ்சிருக்காங்க, அதே சமயம் அப்ப தடை இல்லாத இங்கிலாந்துல 4 சதவீதம்தான். பார் ஆளுங்களுக்கு இருமல் கொறைய ஒரே மாசம்ங்க. என் தங்கச்சி பையனுக்கு 9 வருஷமா கிடைக்காத மாசம்.

நம்ம விதியிலயும் குறை இல்ல, 2008 விதியில பாருன்னு பேர் சொல்லியே இருக்கு. வாசல்ல 60க்கு 30 சென்டிமீட்டர் போர்டு வைக்கணும், யாராவது புடிச்சா யார்கிட்ட புகார் சொல்லணும்னு பேர் எழுதி வைக்கணும். புகார் சொல்லியும் ஓனர் கண்டுக்கலைன்னா எத்தனை பேர் புடிச்சாங்களோ அத்தனை அபராதமும் ஓனர் தலையில. 30 சீட்டுக்கு குறையாத ஓட்டல்னா தனி ரூம் வச்சுக்கலாம், ஆனா நாலு பக்கமும் சுவர், தானா மூடிக்கிற கதவு, புகைய வெளிய இழுக்கிற ஃபேன் எல்லாம் வேணும், அந்த ரூமுக்குள்ள சாப்பாடு சரக்குன்னு எதுவும் சப்ளை பண்ணக்கூடாது. சப்ளையர் பையன் உள்ள போகக்கூடாதுங்கறதுக்குத்தான் அது. ஆனா பேரு எழுதின போர்டு ஒண்ணு கூட இந்த மலையில என் கண்ணுல பட்டதில்ல.

அந்த பார் ஓனர் எனக்கு பழக்கமானவர்தான், கேட்டேன். கெட்ட மனுஷன் இல்ல. 'நான் மட்டும் நிறுத்தினா கஸ்டமர் அடுத்த பாருக்கு போயிடுவான்ணே, எல்லாரும் நிறுத்தட்டும், மறுநாளே நானும் நிறுத்தறேன்'னாரு. அவர் பேச்சுல நியாயம் இருக்கு. ஒரு கடைய மட்டும் என்னைக்கோ ஒரு நாள் புடிச்சு 200 ரூபா வாங்கிட்டு போனா அது அந்த ஓனருக்கு ஒரு ஆம்லெட் கணக்கு. எல்லா பாருக்கும் ஒரே நாள்ல வரணும், தொடர்ந்து வரணும்.

இது நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு நம்ம மாவட்டத்துலயே உதாரணம் இருக்கு. காட்டுல பாட்டில் உடைஞ்சு கிடந்து யானை காலை கிழிக்குதுன்னு ஹைகோர்ட் சொல்லி 2022ல டாஸ்மாக்குல பாட்டிலுக்கு 10 ரூபா சேத்து வாங்கி, காலி பாட்டில் குடுத்தா திருப்பி தர்ற திட்டம் முதல்ல நீலகிரியிலதான் வந்துச்சு. அப்பவும் எவன்யா பாட்டில தூக்கிட்டு வருவான்னு பேசினாங்க. கொண்டு வந்தாங்களே! எல்லா கடையிலயும் ஒரே நாள்ல வந்ததால நடந்துச்சு.

வெளிய போய் புடிக்கிறவங்க துண்டை காஞ்ச புல்லுல வீசாம இருக்கணும், பிப்ரவரி மார்ச்சுல இங்க காடு எப்படி எரியும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு வாசல்ல மணல் போட்ட ஒரு டின் வச்சா போதும்.

ஆசிரியர் ஐயா, மாவட்ட நிர்வாகம் கண்ணுல படற மாதிரி இந்த கடிதத்த போடுங்க. நான் கேக்கறது புது சட்டம் இல்ல, ஒவ்வொரு பார் சுவத்துலயும் அந்த போர்டும், அதுல ஒரு பேரும் நம்பரும், அந்த நம்பர்ல போன எடுக்க ஒரு ஆளும்தான். என் தங்கச்சி பையன் ரெண்டு நாளா லீவு, வீட்டுல ஆவி புடிச்சுட்டு உக்காந்திருக்கான். சனிக்கிழமை மறுபடி டூட்டிக்கு போறான், சீசன் ஆரம்பிச்சாச்சு, இனிமே எல்லா டேபிளும் நிறைஞ்சிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர்,
ஊட்டி