ஸ்டாலின் கதையை விடுங்கள், யூதினாவைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ரஷ்யப் பியானோ கலைஞர் மரியா யூதினாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் அவர் பெயரைப் பார்த்ததே சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் முக்கால்வாசிக் கட்டுரையை அந்த இசைத்தட்டுக் கதையே தின்றுவிட்டது. தலைப்பிலேயே அவரை ஸ்டாலினுக்குப் பிடித்த பியானோ கலைஞர் என்று போட்டுவிட்டீர்கள். அதுதான் உறுத்துகிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வானொலியில் யூதினா வாசித்த மொசார்ட்டின் 23ஆம் பியானோ கன்சர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு பியானோ வாசிக்கும் படைப்பு) கேட்ட ஸ்டாலின், அந்த இசைத்தட்டு வேண்டும் என்று போன் போடுகிறார். ஒலிபரப்பானது நேரடிக் கச்சேரி, தட்டு கிடையாது, ஆனால் இல்லை என்று யார் சொல்வது? ராத்திரியோடு ராத்திரியாக யூதினாவையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் கூட்டி வருகிறார்கள், நடத்துநர்கள் இரண்டு பேர் பயத்தில் கைவிட்டு மூன்றாவது ஆள்தான் முடிக்கிறார், விடிந்ததும் ஒரே ஒரு பிரதி தயார். மகிழ்ந்துபோன ஸ்டாலின் 20,000 ரூபிள் அனுப்ப, யூதினாவோ பணத்தைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் செய்த பாவங்களைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று இரவும் பகலும் பிரார்த்திப்பேன் என்று அவருக்கே கடிதம் எழுதுகிறார். கடைசியில் ஸ்டாலின் இறந்து கிடந்தபோது கிராமபோனில் இருந்ததும் அதே தட்டுதானாம்.

சினிமாவுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. 2017இல் ஒரு ஆங்கில நகைச்சுவைப் படம் இதை வைத்துத்தான் ஆரம்பித்தது. ஆனால் இந்தக் கதைக்கு மூலம் என்ன? 1979இல் நியூயார்க்கில் சாலமன் வோல்கோவ் வெளியிட்ட ஒரு புத்தகம். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தன் வாயால் சொன்ன நினைவுகள் என்று சொல்லி வந்தது. ஷோஸ்டகோவிச் 1975இலேயே இறந்துவிட்டார், யூதினா அதற்கும் முன்னால் 1970இல். அந்தப் புத்தகத்தில் எவ்வளவு ஷோஸ்டகோவிச், எவ்வளவு வோல்கோவ் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டாலினுக்கு எழுதியதாகச் சொல்லும் கடிதத்தை இதுவரை யாரும் காட்டியதில்லை. அலெக்சாண்டர் காவுக் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவோடு 1940களில் யூதினா அதே கன்சர்ட்டோவை வாசித்த பதிவு நிஜமாகவே இருக்கிறது, அருமையான பதிவு, ஆனால் அதனால் தெரிவது அவர் அதை வாசித்தார் என்பது மட்டும்தானே.

சரி, கதை உண்மையென்றே வைத்துக்கொள்வோம். ஸ்டாலினின் செல்லப் பிள்ளையாக இருந்தவரை 1951இல், அதாவது ஸ்டாலின் உயிரோடு இருக்கும்போதே, மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் ஆசிரியர் வேலையிலிருந்து வெளியேற்ற எவனுக்குத் துணிச்சல் வந்திருக்கும்? கில்லெல்ஸ், ரிக்டர் போன்ற பியானோ கலைஞர்களுக்கெல்லாம் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசு கிடைத்தது, யூதினாவுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கட்டுரை அந்த வெளியேற்றத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது. எனக்கு அவர் வாழ்க்கையே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

1899இல் நேவெல் என்ற சின்ன ஊரில், யூத மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பெத்ரோகிராத் (பின்னாளில் லெனின்கிராத்) கன்சர்வேட்டரியில் லியோனித் நிகொலாயெவிடம் படித்தார், ஷோஸ்டகோவிச்சும் பியானோ கலைஞர் சோஃப்ரோனித்ஸ்கியும் அதே ஆசிரியரிடம் படித்தவர்கள். 1919இல், போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வந்த பிறகு, ஊரே மதத்தை மறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் போய் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். அப்புறம் அதை மறைக்கவும் இல்லை. அதற்கான விலையைக் கடைசிவரை தவணை தவணையாகக் கட்டினார். 1930இல் லெனின்கிராத் கன்சர்வேட்டரியில் பார்த்த ஆசிரியர் வேலை போனது, காரணம் மத நம்பிக்கை. சில காலம் ஜார்ஜியாவின் திபிலிசியில் சொல்லிக்கொடுத்துவிட்டு 1936இல் மாஸ்கோ கன்சர்வேட்டரிக்கு வந்தார், அந்த வேலைதான் 1951இல் போனது. மிச்சமிருந்தது க்னெசின் இசைக் கல்லூரி, அங்கிருந்தும் 1960இல் அனுப்பிவிட்டார்கள், இந்தத் தடவை மதத்தோடு சேர்த்து நவீன மேற்கத்திய இசையைப் பரப்புகிறார் என்ற குற்றமும். அறுபது வயதில் ஒரு ஆசிரியைக்கு!

ரஷ்ய இலக்கியச் சிந்தனையாளர் மிகயில் பக்தின் பெயர் நம் சிறுபத்திரிகைகளில் ஒரு காலத்தில் எவ்வளவு அடிபட்டது. அந்த பக்தின் நேவெலில் நண்பர்களோடு உட்கார்ந்து தத்துவம் பேசிய சின்னக் கூட்டத்தில் இந்தப் பெண்ணும் ஒருவர். பின்னால் பக்தின் கைதானபோது தண்டனையைக் குறைக்க ஓடியாடியவர்களிலும் இவர் உண்டு. தண்டனை முகாமிலிருந்து திரும்பி வந்த கவிஞர் சபலோத்ஸ்கிக்கு ஷூபர்ட் பாடல்களை மொழிபெயர்க்கும் வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். 1947 பிப்ரவரியில் எழுத்தாளர் பாஸ்டர்நாக், இன்னும் முடியாத டாக்டர் ஷிவாகோ நாவலின் ஆரம்ப அத்தியாயங்களை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியது இவர் வீட்டில். 1960இல் அதே பாஸ்டர்நாக் இறந்து, பெரெடெல்கினோ வீட்டில் உடல் கிடத்தப்பட்டிருந்தபோது, அரசின் நெருக்கடியால் நோபல் பரிசை அவர் மறுக்க வேண்டிவந்த விவகாரத்துக்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லவே எழுத்தாளர்கள் பயந்துகொண்டிருக்க, யூதினா அங்கே போய் பியானோ வாசித்தார், ரிக்டரும் வாசித்தார். அதோடு விட்டாரா? லெனின்கிராத் கச்சேரி ஒன்றில் இன்னும் ஒன்று வாசியுங்கள் என்று ரசிகர்கள் கைதட்டிக் கேட்டபோது, பியானோவுக்குப் பதில் பாஸ்டர்நாக் கவிதையை மேடையிலிருந்தே படித்தார். விளைவு, சில ஆண்டுகள் கச்சேரித் தடை. மேடையைப் பிடுங்கிவிட்டால் ஒரு பியானோ கலைஞர் எதை வைத்துச் சாப்பிடுவார்?

பணம் விஷயத்தில் இவரைப் பற்றி எல்லோரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள், கையில் நின்றதே இல்லை. கைதானவர்களின் குடும்பம், நாடுகடத்தப்பட்டவர்கள், பாதிரியார்கள் என்று கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், கொடுப்பதற்காகக் கடன் வாங்கியும் இருக்கிறார். மேடைக்குத் தரையைத் தொடும் கறுப்பு அங்கி, காலில் சில சமயம் கேன்வாஸ் ஷூ. கிரில் சால்த்திகோவ் என்ற இளைஞரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது, அவர் 1939இல் மலையேற்றத்தில் இறந்துபோனார். அவருடைய தாயாரை யூதினா தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார், பிறகு திருமணமே செய்துகொள்ளவில்லை. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

வாசிப்பு பற்றியும் கட்டுரையில் அதிகமில்லை, அதனால் நான் கொஞ்சம் சொல்கிறேன். இவர் வாசிப்பு எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் பாய்வார், வேகமான இடத்தில் நின்றுவிடுவார், ஸ்வரத் தாளில் மெல்ல என்று எழுதியிருந்தால் இடிப்பார். ரிக்டர் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. போர்க்காலத்தில் பாக்கின் அமைதியான ஒரு பிரெலூடை (சிறு இசைத்துண்டு) யூதினா ஆரம்பம் முதல் கடைசி வரை உரத்து வாசித்திருக்கிறார். கச்சேரி முடிந்து பாராட்டப் போன ரிக்டரின் ஆசிரியர் நெய்காவுஸ், ஏன் இப்படி என்று கேட்டதற்கு, இப்போது போர் நடக்கிறதே என்றாராம். சும்மா பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 1943இல் முற்றுகையில் கிடந்த லெனின்கிராதுக்கு விமானத்தில் போய்க் கச்சேரி செய்தவர் அவர்.

ஒரு பக்கம் பாக், பீத்தோவன், ஷூபர்ட். இன்னொரு பக்கம் சோவியத் நாட்டில் வேண்டாதவர்களாக இருந்த ஸ்ட்ராவின்ஸ்கி, ஹிண்டமித், வேபர்ன் எல்லோரும். அறுபது வயதுக்கு மேல் மேற்கு ஐரோப்பாவின் நவீன இசையமைப்பாளர்கள் ஸ்டாக்ஹவுசனோடும் பூலேயோடும் கடிதப் போக்குவரத்து. 1961இல் இளம் இசையமைப்பாளர் ஆந்த்ரேய் வோல்கோன்ஸ்கியின் புதுப் படைப்பை முதன்முதலில் மேடையேற்றியதும் இவர்தான், அதிகாரிகளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாணி அது. வெளிநாடு என்று பார்த்தது 1950இல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கும் 1954இல் போலந்தும்தான்.

இவ்வளவும் இருக்க, ஒரு சர்வாதிகாரி ராத்திரியில் தட்டுக் கேட்ட கதைதான் முன்னால் நிற்கிறது. ஒரு கலைஞரின் தைரியத்தைக் காட்ட எதிரே ஒரு ஸ்டாலினை நிறுத்தினால்தான் நமக்கு நம்பிக்கை வருகிறதோ என்னவோ.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கதை நிரூபிக்கப்படாதது என்று அடுத்த இணைப்பில் இரண்டு வரி போடுங்கள். இடம் இருந்தால் வாசகர்கள் கேட்பதற்கு மூன்று பதிவுகளின் பெயரும் கொடுக்கலாம், யூடியூபில் கிடைக்கின்றன. காவுக்கோடு வாசித்த மொசார்ட்டின் இரண்டாம் பகுதி, 1947இல் வாசித்த ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, 1968இல் பதிவான பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். பழைய பதிவுகள், இரைச்சல் இருக்கும், ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
மதுரை