பழைய போட்டை ஏன் காயலாங்கடைக்குப் போடணும்?

ஆசிரியருக்கு வணக்கம். நம்ம வண்டியூர் தெப்பக்குளத்து போட்டிங் பத்தி பேச்சு வந்தாலே புது போட்டு வாங்கணும்ங்கிறாங்க, பழைய ஃபைபர் போட்டை சரி பண்ணி எலக்ட்ரிக் மோட்டார் மாட்டலாமேன்னு யாரும் சொல்றதில்ல. மொதல்ல இன்ஜின் மாட்டுற பின்பலகைய சுத்தியலால தட்டிப் பாக்கணும், டங்குன்னு கேட்டா நல்லாருக்கு, மொத்துன்னு கேட்டா உள்ள இருக்க பிளைவுட் ஊறி உளுத்துப்போச்சு, அதை வெட்டியெடுத்து புதுசு வச்சு ரெசின் (இறுகி கெட்டியாகுற பிசின்) போட்டுட்டுத்தான் மத்த வேலையே. பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பெட்ரோலையும் ஆயிலையும் கொஞ்சம் எரியாமலே தண்ணில கக்கும், 1645ல திருமலை நாயக்கர் வெட்டுன குளத்துக்கு அது தேவையா? மோட்டாருன்னா மெதுவா சுத்துற பெரிய ப்ரொப்பெல்லரே போதும், பேட்டரிய நடுவுல தாழ்வா வச்சா போட்டு அவ்வளவா ஆடாது. பேட்டரி வெலை ஜாஸ்திதான், ஆனா குளத்தை ஒரு ரவுண்டு வர எவ்வளவு பெரிய பேட்டரி வேணும்ங்கிறீங்க?

வாசகர், வண்டியூர், மதுரை