உயரம் பார்த்துக் கொடுக்கும் பதவி

ஆசிரியருக்கு,

கல்லூரிகள் திறந்து, தேசிய மாணவர் படைக்கு ஆள் எடுக்கும் நாட்கள் இவை. முதலாமாண்டு மாணவர்களை மைதானத்தில் ஓடவிட்டு, உயரம் அளந்து, நான்கு கேள்வி கேட்டுச் சேர்க்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாமாண்டில் சீனியர் அண்டர் ஆபீசரை, அதாவது மாணவர்களின் தலைவரை, தேர்ந்தெடுக்கும்போதும் பல கல்லூரிகளில் ஏறக்குறைய அதே அளவுகோல்தான் இருக்கிறது: உயரம், குரல், ஜனவரியில் டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போய்வந்தவரா என்பது. 1948-இல் தொடங்கிய இந்தப் படை தலைமைப் பண்பை வளர்க்கிறது என்று மேடைதோறும் சொல்கிறோம். அது வளர்வது இரண்டாமாண்டில்தான். அந்த ஆண்டைத்தான் பெரும்பாலான கல்லூரிகள் வீணடிக்கின்றன.

முதலாமாண்டு மாணவர் சொன்னதைச் செய்யப் பழகுகிறார். மூன்றாமாண்டு மாணவருக்குப் பட்டையும் பதவியும் வந்துவிடுகின்றன. இடையில் இருப்பவர் வரிசையில் நிற்பார். கல்லூரி விழா என்றால் நாற்காலி தூக்குவார், வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார். அவர் கையில் ஒரு செக்‌ஷனை, அதாவது பத்துப் பேரை, ஒரு பருவம் முழுவதும் ஒப்படைத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஒருவர், மறு வாரம் இன்னொருவர் என்று மாற்றினால் பயனில்லை. தன் தவற்றின் விளைவு தன்னிடமே திரும்பி வரும்வரை அவர் அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும்.

பரேடு தொடங்குமுன் கொடுக்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை, வந்தவர் எத்தனை, டியூட்டியில் எத்தனை, உடல்நலமில்லாதவர் எத்தனை, சொல்லாமல் வராதவர் எத்தனை. பின்னால் உள்ள நான்கையும் கூட்டினால் முதல் எண் வர வேண்டும். வழக்கமாக நடக்கும் பிழை, ஸ்டோர் அறையில் பெல்ட் எண்ணிக்கொண்டிருக்கும் மாணவரை 'வரவில்லை' என்று எழுதிவிடுவது. 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் மாணவர் படையின் பி சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. ஆக, அலட்சியமாகப் போட்ட ஒரு கோடு பிப்ரவரியில் ஒருவரின் தேர்வுக்கே உலை வைக்கும்.

இன்னொன்று பூட்ஸ். கேட்கச் சிறிய விஷயம்தான். சேர்ந்த சில வாரங்களில் பத்தில் மூன்று பேர் பரேடுக்கு வரவில்லை என்றால் பல சீனியர்கள் 'ஆர்வமில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குதிகாலைப் பார்த்தால் கொப்புளம் இருக்கும். ஏழாம் எண் கால்காரருக்கு எட்டாம் எண் கொடுத்திருப்பார்கள். மெல்லிய சாக்ஸோடு நடந்திருப்பார். செக்‌ஷன் கமாண்டர் பூட்ஸ் வழங்கும் நாளிலேயே தடித்த சாக்ஸ் போடச் சொல்லி, பத்தடி நடக்கவிட்டு, குதிகால் வழுக்குகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. அளவு இல்லையென்றால் யார் பெயருக்கு எது தேவை என்று எழுதி சி.க்யூ.எம்.எஸ்.ஸிடம், அதாவது ஸ்டோர் பொறுப்பில் உள்ள மாணவரிடம், கொடுக்க வேண்டும். 'சொன்னேன் சார்' என்பது கணக்கில் சேராது.

டிரில் கற்றுக்கொடுப்பதிலும் ஒழுங்கு தவறுகிறது. முதலில் முழு அசைவையும் நமூனாவாக, அதாவது மாதிரியாக, செய்துகாட்ட வேண்டும். பிறகு எண்ணிக்கைப்படி பிரித்துச் சொல்லித்தர வேண்டும். அதன்பின் தனித்தனியாக, கடைசியில் சேர்ந்து. நமூனாவைத் தாண்டிவிட்டு நேரே 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) என்று கத்தினால் பாதிப் பேர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் திரும்புவார்கள். ஆணை இந்தியில் இருப்பதால் தமிழ் மாணவருக்கு முதல் வாரத்தில் சொல்லின் பொருளையும் விளக்கியாக வேண்டும். ஆணையின் முற்பகுதியை இழுத்து, சிறிது நிறுத்தி, பிற்பகுதியை வெட்டிச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் வரிசை ஒன்றாகத் திரும்பாது. குறை ஆணை கொடுத்தவருடையது. தவளைப் பாய்ச்சலும் குட்டிக்கரணமும் கிடைப்பது கேட்டவருக்கு. இந்தத் தண்டனைப் பழக்கம் முழங்காலைக் கெடுக்கிறது, முதலாமாண்டு மாணவரை விரட்டுகிறது, சீனியருக்கு எதையும் கற்றுத்தருவதுமில்லை. மாணவர் படை அலுவலராக இருக்கும் பேராசிரியர்கள் இதைக் கண்டும் காணாமல் விடக் கூடாது.

குரலை மட்டும் நம்பியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் தெரியும். பட்டப் படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், பி-க்கு அடுத்த நிலையான சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும் உள்ளவர்கள் ராணுவ அதிகாரியாவதற்கான சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. அழைப்பு வந்தால் ஐந்து நாள் சோதனை. அதில் பலகை, கயிறு, பீப்பாய் கொண்டு தடைகளைக் கடக்கும் குழுப் பணியில் யாரும் தலைவராக நியமிக்கப்படுவதில்லை. தோளில் பட்டை இல்லாத அந்த இடத்தில், அடுத்தவர் சொன்ன யோசனையைக் காதில் வாங்கி, 'அந்தப் பலகையை நான் பிடிக்கிறேன், நீ கடந்து போ' என்று சொல்லத் தெரிந்தவர் முன்னே வருகிறார். செக்‌ஷனை நடத்தியவருக்கு இது பழகிய வேலை. அணிவகுப்பின் முன்னால் மட்டும் நின்றவர் யாரைப் பார்த்து ஆணையிடுவது என்று விழிப்பார்.

கல்லூரி முதல்வர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, பத்து நாள் ஆண்டுப் பயிற்சி முகாமின் தேதியைக் கேட்டறிந்து, உள்மதிப்பீட்டுத் தேர்வுகளை அதற்கேற்ப வையுங்கள். சி சான்றிதழுக்குக் கையில் பி சான்றிதழும் முகாம் கணக்கும் வேண்டும்; ஒரு முகாம் தவறினால் மூன்றாண்டு உழைப்பு அந்தரத்தில் நிற்கும். இரண்டு, பதவி ஒப்படைப்பை ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். பழைய அண்டர் ஆபீசரும் புதியவரும் சேர்ந்து உட்கார்ந்து தொப்பி, பெல்ட், லேன்யார்டு (தோள் கயிறு), பூட்ஸ் எல்லாவற்றையும் எண்ணி, இருப்புப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பிப்ரவரியில் சான்றிதழ்த் தேர்வு, ஏப்ரலில் பருவத் தேர்வு என்று மூன்றாமாண்டு மாணவர்கள் போய்விட்டால், ஜூனில் ஸ்டோர் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே முதல் இரண்டு பரேடு கழிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேசிய மாணவர் படை அலுவலர்கள் இருவர்,
திருச்சி