உள்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்: அந்தத் தலைவர் நாற்காலியை நீதிபதியிடம் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைக்கு அந்தப் பதவியில் யார் இருந்தாலும், நாளைக்கு யார் வந்தாலும், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஆணையத்தின் தலைவர் நாற்காலியைப் பற்றியது இது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். மகன் படிப்பை முடித்துவிட்டு டெலிவரி வேலைக்குப் போகிறான். ஒரு நாள் ராத்திரி வாகனச் சோதனையில் ஏதோ வாக்குவாதம், ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்து, விடிவதற்குள் காது வீங்க வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை. மறுநாள் அக்காவுக்குத் துணையாக நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டர் மனுவை முழுசாகப் படித்தார், "பையனோட எதிர்காலத்தைப் பாருங்கம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடப் போடவில்லை. சரி என்று புதன்கிழமை எஸ்.பி. அலுவலகம் போனோம், ஒரு மனு நம்பர் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று இன்னொரு மனு கொடுத்தோம். பன்னிரண்டு நாள் கழித்து அக்காவுக்குப் போன் வந்தது. பேசியது அதே ஸ்டேஷன், அதே ரைட்டர். "கலெக்டர் மனு நம்ம கிட்ட வந்திருக்கு, ஆதார் நகல் எடுத்துட்டு வாங்க, பையனையும் கூட்டிட்டு வாங்க."

போனோம். கேட் வரைக்கும் வந்த பையன் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. உள்ளே மேஜை மேல் எங்கள் மனு இருந்தது. கலெக்டர் அலுவலக முத்திரை, அதற்குக் கீழே எஸ்.பி. அலுவலக முத்திரை, அப்புறம் டி.எஸ்.பி., அப்புறம் இன்ஸ்பெக்டரின் சுருக்கெழுத்து, ஓரத்தில் பேனாவால் ரைட்டரின் பெயர். அதைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. நாங்கள் மேலே ஏற்றியதாக நினைத்த காகிதம் ஒவ்வொரு படியாக இறங்கி, யார் மேல் புகார் சொன்னோமோ அவர்கள் மேஜைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 'விசாரணையில் திருப்தி, மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன், மகன் தினமும் அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு ரைட்டரைக் கண்டித்தால் தீர்கிற விஷயம் இல்லை இது. காவல்துறையின் அமைப்பே அப்படித்தான்: ஸ்டேஷனுக்கு மேல் டி.எஸ்.பி.யின் உட்கோட்டம், அதற்கு மேல் எஸ்.பி.யின் மாவட்டம், பிறகு டி.ஐ.ஜி.யின் சரகம், ஐ.ஜி.யின் மண்டலம், எல்லாவற்றுக்கும் உச்சியில் டி.ஜி.பி. (சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை மாதிரி மாநகரங்களில் எஸ்.பி. இடத்தில் கமிஷனர், மற்றபடி இதே கதைதான்.) உத்தரவு கீழே இறங்குவதற்கு இந்த அமைப்பு நன்றாகவே உதவுகிறது. 1859-ஆம் வருடத்து மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டத்தின் காலத்திலிருந்தே அது அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே இருப்பவர் செய்த தப்பைப் பற்றி வெளியாள் ஒருவர் புகார் சொன்னால், அதற்குத் தனியாக ஒரு வழி வேண்டாமா?

அந்த வழியைத்தான் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-ல், போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடரப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பில் ஏழு கட்டளைகள் உண்டு. அவற்றில் ஒன்று, மாநிலத்துக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு போலீஸ் புகார் ஆணையம். மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ ஓய்வு பெற்ற நீதிபதி தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். தலைமை நீதிபதி கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் மாநிலத் தலைவரை அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். டி.எஸ்.பி. வரைக்குமான புகார்கள் மாவட்டத்தில், எஸ்.பி.க்கும் அதற்கு மேலே இருப்பவர்களுக்கும் எதிரானவை மாநிலத்தில். ஆணையம் பரிந்துரைத்தால், துறை நடவடிக்கையோ குற்ற வழக்கோ, அதை எடுக்க வேண்டிய அதிகார அமைப்பை அந்தப் பரிந்துரை கட்டுப்படுத்தும்.

நம் மாநிலம் என்ன செய்தது? 2013-ல் தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி மாநில ஆணையத்தின் தலைவர் நீங்கள், அதாவது உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் ஏ.டி.எஸ்.பி.யும். ஐயா, எங்கள் மனுவின் மேல் இருந்த முத்திரைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கலெக்டர், எஸ்.பி. அதே இரண்டு பேர். புகார் ஆணையம் என்று தனியாகப் பெயர் வைத்தும் காகிதம் போகிற வழி மாறவில்லை. பக்கத்திலேயே கேரளம் 2011-ல் தன் போலீஸ் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியையும் மாவட்டத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியையும் தலைவராக எழுதி வைத்தது. அவர்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை?

மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1997 முதல் இருக்கிறது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் சொன்னதும் பெரிய விஷயம்தான். ஆனால் அது எல்லாத் துறைகள் மேலும் வரும் புகார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய அமைப்பு. ஒரு அக்கா பஸ் ஏறி மதியத்துக்குள் போய்த் திரும்புகிற தூரத்தில், மாவட்டத்துக்கு ஒரு இடம் வேண்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போய் அடித்த அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் செத்துப்போன பிறகு விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் என்ன எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷன் கேமராவின் ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டி வந்தது. அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. சரி, பதிவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதைப் போட்டுப் பார்க்கப்போவது யார்? மாவட்ட ஆணையத்தில் ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி இருந்து, மனு வந்த அன்றைக்கே அந்த ராத்திரியின் பதிவை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தால், எங்கள் தெருப் பையன் விஷயம் அரை மணி நேர வேலை.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் செத்தபோது கேமரா இருக்கிற ஸ்டேஷனுக்குள்கூட அது நடக்கவில்லை. டி.எஸ்.பி.யின் கீழ் இயங்கிய ஒரு தனிப்படை வெளியிடத்தில் வைத்து அடித்தது, யாரோ ஒருவர் மறைந்து நின்று செல்போனில் எடுத்த வீடியோதான் ஊருக்குச் சொன்னது. அதற்குப் பிறகுதான் அங்கீகாரமில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவிட்டார். அவை எத்தனை, எந்த அதிகாரியின் வாய்மொழியில் இயங்கின என்று வெளியிலிருந்து யாராவது கேட்டிருந்தால் அந்த உத்தரவு முன்பே வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் போலீஸ்காரர்களுக்கும் நல்லது இருக்கிறது. சாத்தான்குளத்தில் நடந்ததைப் பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தோடுதான் சாட்சி சொன்னார். மேலதிகாரி சொன்னதற்காகக் கை ஓங்கும் கான்ஸ்டபிளுக்கும், ஓங்க மாட்டேன் என்று சொல்ல நினைக்கிற கான்ஸ்டபிளுக்கும், அந்த மேலதிகாரியைத் தாண்டிப் போய்ச் சொல்ல ஒரு இடம் வேண்டும்.

அதனால் கேட்கிறேன். 2013 சட்டத்தைத் திருத்தும் கோப்பை நீங்களே தொடங்குங்கள், உங்கள் நாற்காலியிலும் கலெக்டர்களின் நாற்காலிகளிலும் ஓய்வு பெற்ற நீதிபதிகள் உட்காரட்டும். விசாரிக்கிறவர்கள் அந்த மாவட்ட எஸ்.பி.க்குக் கீழே இல்லாதவர்களாக இருக்கட்டும். அலுவலகம் போலீஸ் வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். வருடா வருடம் எத்தனை புகார் வந்தது, என்ன ஆனது என்று சட்டசபையில், காவல்துறை மானியக் கோரிக்கை நாளிலேயே வையுங்கள்.

திருத்தத்துக்கு நாளாகும், தெரியும். அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். இப்போது இருக்கிற மாவட்ட ஆணையத்தின் முகவரியையும் போன் நம்பரையும் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம், அப்படி ஒரு ஆணையம் இருப்பதாக ஒரு இடத்திலும் யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மனு எழுதத் துணைக்குப் போன ஒருவர்